ரத்தத்தைக் குறை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ செதுக்கும் பாடுபட்ட சுரூபத்தின், அதுதான் சிலுவையில் தொங்கும் இயேசுவின், போட்டோ வந்தது. கூட இரண்டு வரி எழுதியிருக்கலாம். மருமகள் சாப்பிடுகிறாளா? நீ?

தேக்கில் நெஞ்சுக்கூட்டை நீ எடுத்திருக்கிற மாதிரி இங்கே பெங்களூரில் செய்ய ஆளில்லை. ஆனால் ரத்தம் அதிகம். ஆணிக் காயத்து ரத்தத்தை விரல் பக்கம் இழுத்திருக்கிறாய். கை தோளைவிட உயரத்தில் இருக்கிறது, அதனால் முன்கை வழியாக முழங்கைக்குத்தான் இறங்கும். ஈட்டி குத்தியது உயிர் போன பிறகு (யோவான் 19:34). விலாவில் காயம் வைத்தால் கண் மூடியிருக்கணும். சிவப்பு எனாமலை அப்படியே பூசாதே, பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு நிறம் கலந்து மெல்லிசாகப் பூசு. காய்ந்த ரத்தம் பழுப்பாகத்தான் இருக்கும்.

ஜெர்மனியில் கொலோன் பேராலயத்து கேரோ சிலுவையைப் பார். 10ஆம் நூற்றாண்டு, ஓக் மரம், 187 செ.மீ. தலை தொங்கி, வயிறு சரிந்து, உடம்பின் பாரமே எல்லாம் சொல்லிவிடுகிறது. ஜெர்மன் ஓவியர் க்ரூனெவால்ட் ஐசன்ஹைம் மடத்துப் பீடத்துக்கு 1512–1516இல் வரைந்த இயேசுவின் உடம்பு முழுக்கப் புண்தான். ஆனால் அந்த மடத்து மருத்துவமனையில், பூஞ்சை பிடித்த ரை தானியம் தின்று கைகால் கருகியவர்கள் கிடந்தார்கள். அந்தப் புண் அவர்களுக்காக. நீ யாருக்காக இவ்வளவு ரத்தம் வைக்கிறாய் என்று கேட்க மாட்டேன். காரைக்கால் அம்மையாரின் சோழச் செப்புச் சிலையில் எலும்பும் நரம்பும்தான் மிச்சம், ஆனாலும் கையில் தாளம் இருக்கிறது, பாடுகிறாள். அதையும் நினைத்துக்கொள்.

மும்பை மழைக்கு முன்னால் முதுகுப் பக்கம் குடைந்துவிடு. மரத்தின் நடுப்பகுதி உள்ளே நின்றால் காயும்போது நெஞ்சு வெடிக்கும். கை இரண்டும் தனித் துண்டாக இருக்கட்டும். நார் கையின் நீளத்துக்கு ஓடாவிட்டால் மணிக்கட்டில் முறியும். தோள் மூட்டில் மர முளை வைத்து இறுக்கு, இரும்பு வேண்டாம், துருப்பிடிக்கும். ரத்தத்தைக் குறை.

அடுத்து வியாகுல மாதா செய்வதாகப் பங்குச் சாமியாரிடம் ஒப்புக்கொண்டாயாம். மடியில் கிடத்திய மகனோடு. வேலையில் உனக்குக் குறையில்லை, அது எனக்குத் தெரியும். இந்த வருஷம் வேண்டாம், தம்பி. மருமகள் அதே அறையில்தானே துணி மடிக்கிறாள். சாமியாரிடம் நான் பேசுகிறேன்.

தொட்டில் பலகையை எந்த வேலைக்கும் அறுத்துவிடாதே. சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணு. அம்மா உன்னிடம் பேச வேண்டாம், மருமகளிடம் கொடுத்தால் போதும் என்கிறாள்.

அப்பா