முன்விற்பனை முடிந்த பின் வந்த குறியீடு: ஒரு புகார்

அனுப்புநர்:
ஆல்பத்தை முன்பதிவு செய்த வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, ஆர்டர் எண் ஆகியவை இணைப்பில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
இசைக்குழுவின் அதிகாரபூர்வ இணையக் கடை

பொருள்: ஆல்பத்துடன் தருவதாக ஒப்புக்கொண்ட சுற்றுப்பயண முன்விற்பனைக் குறியீடு உரிய நேரத்தில் தரப்படாதது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடையில் முழுப் பணமும் செலுத்தி நான் முன்பதிவு செய்த புதிய ஆல்பத்தின் இரட்டை எல்.பி.யோடு (இரண்டு வினைல் இசைத்தட்டுகள்) சேர்த்துத் தருவதாகத் தாங்கள் ஒப்புக்கொண்ட குறியீடு, அதாவது பொது விற்பனைக்கு முந்தைய முன்விற்பனையில் சுற்றுப்பயண டிக்கெட் வாங்கத் தேவையான குறியீடு, அந்த முன்விற்பனை முடிந்து ஆறு மணி நேரத்திற்குப் பிறகே எனக்கு வந்து சேர்ந்தது. இது குறித்து நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களில் இரண்டுக்குத் தானியங்கிப் பதிலும் ஒன்றுக்கு இரண்டு வரிப் பதிலும் மட்டுமே கிடைத்தன. ஆகவே, நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

இந்தக் குழுவின் முந்தைய ஆல்பம் வெளிவந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ராக் ரசிகர்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல. டூல் குழுவின் ரசிகர்கள் 2006-க்குப் பிறகு 2019 வரை காத்திருந்தார்கள்; ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் சொந்தப் பாடல்களைக் கொண்ட அடுத்த ஆல்பத்தைத் தர 2005-இலிருந்து 2023 வரை ஆயிற்று; தி க்யூர் 2008-க்குப் பிறகு 2024-இல்தான் புதிய ஆல்பம் தந்தது. அவர்களோடு ஒப்பிட்டால் எங்கள் எட்டு ஆண்டுகள் குறைவுதான். இருந்தாலும், பாடகரின் தொண்டை அறுவை சிகிச்சை, டிரம்மர் விலகி மீண்டும் சேர்ந்தது, அறிவித்து ரத்தான ஒரு பயணம் என்று எத்தனையோ நடந்த பிறகு, ஆல்பமும் சுற்றுப்பயணமும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இந்தப் புகாரிலும் மறைக்க விரும்பவில்லை. அந்த மகிழ்ச்சியை நம்பித்தான் தாங்கள் விற்பனையைத் திட்டமிட்டீர்கள் என்பதே என் புகாருக்கும் அடிப்படை.

அறிவிப்பு வந்த அன்று தங்கள் பக்கத்தில் இருந்த வாசகத்தை அப்படியே படமெடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவுக்குள் ஆல்பத்தை எந்த வடிவத்தில் முன்பதிவு செய்தாலும், முன்விற்பனை தொடங்குவதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தனிக் குறியீடு மின்னஞ்சலில் வரும் என்பது அதன் சாரம். ‘எந்த வடிவத்தில்’ என்ற சொற்களைத் தாங்களே தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். நான் அறிவிப்பு வந்த பத்தாவது நிமிடத்தில் இரட்டை எல்.பி.க்கு ஆர்டர் கொடுத்தேன். உண்மையைச் சொல்வதானால், குறியீடு இல்லாவிட்டாலும் அந்த எல்.பி.யை என்றாவது வாங்கியிருப்பேன்; ஆனால் அது வெளிவந்த பிறகு, நாலு பேர் அச்சின் தரத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுவிட்டு, நிதானமாக வாங்கியிருப்பேன். ஒரு பாடலைக்கூடக் கேட்காமல், மாதக்கணக்கில் கழித்து வரப்போகும் பொருளுக்கு அன்றே முழுப் பணத்தையும் செலுத்தியதற்கு ஒரே காரணம் அந்தக் குறியீடு. ஆகவே அதை இலவச இணைப்பு என்று தாங்கள் இப்போது சொல்வது பொருந்தாது.

முன்விற்பனை செவ்வாய் காலை 10 மணிக்குத் தொடங்கி வியாழன் இரவு 10 மணிக்கு முடிவதாக இருந்தது. திங்கள் காலை 10 மணிக்கு வந்திருக்க வேண்டிய குறியீடு வரவில்லை. ஸ்பேம் பெட்டியையும் விளம்பரப் பெட்டியையும், வேண்டாமென்று ஒதுக்கியிருந்த பழைய மின்னஞ்சல் கணக்கையும் தேடிப் பார்த்தேன். செவ்வாய் காலை, எப்படியும் கடைசி நிமிடத்தில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், டிக்கெட் தளத்தின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தேன். திரையில் ஒரு நீலக் கோடு. அதன் மேல் நடக்கும் ஒரு சின்ன மனித உருவம். கீழே எனக்கு முன்னால் 2,000-க்கும் மேற்பட்டோர் இருப்பதாக ஒரு வரி. அந்த உருவம் ஐம்பது நிமிடங்கள் நடந்து கோட்டின் மறுமுனையைத் தொட்டபோது, குறியீட்டை உள்ளிடுமாறு ஒரு வெற்றுக் கட்டம் திறந்தது. அதில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. பத்து நிமிடம் செயலற்று இருந்ததால் வரிசையிலிருந்து நீக்கப்பட்டேன். புதனும் வியாழனும் இதுவே திரும்ப நடந்தது.

குறியீடு வெள்ளி அதிகாலை 4:12-க்கு வந்தது. விற்பனை தொடங்கும்வரை அதைப் பத்திரமாக வைத்திருக்கும்படியும் யாருடனும் பகிர வேண்டாம் என்றும் அந்த மின்னஞ்சல் எனக்கு அறிவுரை சொன்னது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு அழைப்பிதழ் வந்த கதையாக இருந்தது.

தங்கள் இரண்டு வரிப் பதில் தரும் விளக்கம் இதுதான்: ஆர்டர் நிறைவேறிய பிறகே குறியீடு உருவாகும், எல்.பி. இன்னும் அச்சில் இருப்பதால் என் ஆர்டர் நிறைவேறவில்லை. அச்சுத் தாமதத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நிமிடத்திற்கு 33⅓ சுற்று வேகத்தில் ஒரு பக்கத்தில் நல்ல ஒலித்தரத்தோடு ஏறத்தாழ 22 நிமிடங்களே அடங்கும் என்பதும், ஒரு மணி நேரத்தைத் தாண்டும் இந்த ஆல்பத்துக்கு நான்கு பக்கங்கள் வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பானிங் நகரில், எல்.பி. அச்சிடுவதற்கான மூலத்தட்டை வெட்டத் தேவையான, லாக்கர் பூச்சுள்ள தட்டுகளைத் தயாரித்த அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனபோது, உலகில் அந்தத் தட்டுகளைச் செய்ய ஜப்பானில் ஒரே ஒரு நிறுவனம்தான் மிஞ்சியிருந்தது என்பதைப் படித்துக் கவலைப்பட்டவர்களில் நானும் ஒருவர். வினைல் வாங்குகிறவர்கள் பொறுமைசாலிகள். வேறு வழியும் இல்லை.

ஆனால் தங்கள் விளக்கம் தன்னைத்தானே மறுக்கிறது. என் எல்.பி. இன்றுவரை அனுப்பப்படவில்லை, தங்கள் தளத்தில் என் ஆர்டர் இன்றும் ‘செயலாக்கத்தில்’ என்றே காட்டுகிறது. நிறைவேறாத ஆர்டருக்குக் குறியீடு உருவாகாது என்றால், வெள்ளி அதிகாலை எனக்கு வந்தது என்ன? ஆர்டரின் நிலைக்கும் குறியீட்டுக்கும் தொடர்பு வைத்தது தவறு என்பதை வியாழன் இரவு யாரோ கவனித்து, விடுபட்டவர்களுக்கெல்லாம் மொத்தமாக அனுப்பியிருக்க வேண்டும் என்றே நான் ஊகிக்கிறேன். என் நண்பர் ஞாயிறு மாலை, கடைசி நேரத்தில், டிஜிட்டல் பதிவிறக்கத்தை மட்டும் வாங்கினார். அந்த ஆர்டர் உடனே நிறைவேறியதாகக் கணக்காகி, திங்கள் காலை சரியாக 10 மணிக்கு அவருக்குக் குறியீடு வந்துவிட்டது. அவருக்கு டிக்கெட் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. முதலில் வந்து, அதிகப் பணம் கொடுத்து, அதிக காலம் காத்திருக்கச் சம்மதித்தவர்கள் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

டிக்கெட் விற்கும் நிறுவனத்திடம் கேட்டபோது, குறியீடு வழங்குவது கடையின் பொறுப்பு என்றார்கள். தங்களிடம் கேட்டபோது, டிக்கெட் விற்பனை வேறு நிறுவனத்தின் பொறுப்பு என்றீர்கள். நான் தங்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. தாங்கள் விற்ற குறியீட்டைக் கேட்கிறேன்.

வெள்ளி காலை நடந்த பொது விற்பனையிலும் முயன்றேன். மேடைக்குப் பின்புறத்து இருக்கைகளும், தேவைக்கேற்ப விலை ஏறும் வகை இருக்கைகளும்தான் மிச்சம்; அவற்றின் விலை முன்விற்பனையில் என் நண்பர் கொடுத்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. வாங்காமல் பக்கத்தை மூடிவிட்டேன்.

டிக்கெட் விஷயத்தில் ரசிகர்கள் குறை சொல்வதும், அதைக் குழுவினரே கையில் எடுப்பதும் முன்பே நடந்திருக்கிறது. 1994-இல் பேர்ல் ஜாம் குழுவினர் அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டு, நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார்கள். அதற்குப் பெரிய பலன் கிட்டவில்லை. 2023-இல் தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் சேவைக் கட்டணத்தை வெளிப்படையாக எதிர்த்த பின், விற்ற நிறுவனம் அதில் ஒரு பகுதியை ரசிகர்களுக்குத் திருப்பித் தந்தது. தவறைத் திருத்த வழி இல்லை என்ற பதிலை என்னால் ஏற்க முடியாததற்கு இந்த இரண்டாவது நிகழ்வே காரணம்.

ஆகவே, சுற்றுப்பயணத்தின் இரண்டாம் கட்டத்திற்கு அல்லது கூடுதலாக அறிவிக்கப்படும் நிகழ்ச்சிகளுக்கு, எல்.பி.யும் மற்ற வடிவங்களும் முன்பதிவு செய்து குறியீடு தாமதமாகப் பெற்ற அனைவருக்கும் செல்லுபடியாகும் புதிய குறியீட்டை, விற்பனைக்கு 24 மணி நேரம் முன்னதாக, ஆர்டரின் நிலையைப் பாராமல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதென்றால், என் ஆர்டரை ரத்து செய்து, அனுப்பும் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும்; ‘முன்பதிவு ஆர்டர்களை ரத்து செய்ய இயலாது’ என்ற தங்கள் விதி, தாங்களே நிபந்தனையை மீறிய இடத்தில் பொருந்தாது. எப்படியானாலும், தவறு எங்கே நேர்ந்தது என்பதை ஒரு மனிதரின் பெயரோடு எழுத்துமூலம் தெரிவிக்கக் கோருகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், பணம் செலுத்திய அட்டை நிறுவனத்தின் வழியாகத் தொகையைத் திரும்பக் கோருவேன். நுகர்வோர் குறைதீர் அமைப்பிலும் முறையிடுவேன். தங்கள் பக்கத்தின் வாசகம், பணம் செலுத்திய ரசீது, வெள்ளி அதிகாலை மின்னஞ்சல், ஆர்டரின் இன்றைய நிலை ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன்.

ஆல்பம் வெளிவரும் வெள்ளிக்கிழமை நள்ளிரவில் நான் அதைக் கேட்கத்தான் போகிறேன். அதைத் தங்கள் கடையின் எல்.பி.யில் கேட்பேனா என்பது தங்கள் பதிலைப் பொறுத்தது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்