எட்னா கதைய ஏன் எடுத்தீங்க? வாசிப்பு வட்டத்து அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

நம்மூர் வாசிப்பு வட்டத்த நடத்துற அண்ணன்மாருக்கு வணக்கம். அடுத்த மாசத்துக்கு நான் எழுதிக் குடுத்த, அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பினோட ‘தி அவேக்கனிங்’ நாவல பட்டியல்லருந்து தூக்கிட்டீங்களாம், கேட்டா “புருஷன் இருக்கப்ப இன்னொருத்தன் மேல ஆசப்படுற கத, குடும்பப் பொம்பளைங்க வர்ற எடம்”னு சொன்னீங்களாம். குடும்பப் பொம்பளைங்க எங்கண்ணே வர்றோம், ஞாயித்துக்கெழம 11 மணிக்கு மீட்டிங் வச்சா எவ ஒலைய எறக்கி வச்சிட்டு வருவா?

1899ல வந்த புக்கு. அப்பவும் இதத்தான் சொல்லி பேப்பர்ல கிழிச்சாங்க, 1904ல அந்தம்மா செத்தும் போச்சு, ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் ஊரு திரும்ப எடுத்துப் படிச்சுச்சு.

அந்த ஆச கதையில இருக்கு, இல்லைங்கல. ஆனா எனக்குத் தூக்கம் வராமப் போனது அதுனால இல்ல. கதாநாயகி எட்னாவுக்கு 28 வயசு, ரெண்டு பையன், நியூ ஆர்லியன்ஸ்ல பெரிய வீடு, செவ்வாக்கெழமன்னா உக்காந்து வர்றவுகள வாங்கன்னு கேக்கணும். ஒரு செவ்வா அவ பாட்டுக்கு வெளிய போயிட்டா. யார் யார் வந்தாகன்னு பாத்துட்டு, நம்ம தொழிலுக்கு வேண்டியவுகளாச்சேன்னு புருஷன் கொறப்படுறான், அப்புறம் மீன் தீஞ்சிருச்சுன்னு கிளப்புக்குச் சாப்பிடப் போயிட்டான். இவ ரூமுக்குள்ள போயி கல்யாண மோதிரத்தக் கழட்டி எறிஞ்சு மிதிக்கிறா, அது நசுங்கவே இல்ல, வேலக்காரப் பொண்ணு எடுத்துக் குடுக்க திரும்பப் போட்டுக்கிறா. நான் நம்ம செட்டிநாட்டுக் கல்யாணத் தாலி, அந்தக் கழுத்திருவ நெனச்சேன். கல்யாணத்தன்னைக்கும் அறுபதுக்கும் கழுத்துல ஏறும், மத்த நாளெல்லாம் இரும்புப் பெட்டி, சாவி யார்ட்ட இருக்குன்னே பாதிப் பேருக்குத் தெரியாது, எங்கிட்டு மிதிக்க.

அப்புறம் அவ தனிக்குடித்தனம் போறா பாருங்க, நம்ம ‘வேற வைக்கிறது’ மாதிரி! நம்ம பக்கம் கல்யாணமான புள்ளைகள ஒரே வளவு வீட்டுக்குள்ள தனி அடுப்பு, தனிக் கணக்குன்னு வேற வைக்கிறோம்ல, மாமியா மருமக மொகம் சுளிக்காம இருக்க எவ்வளவு புத்தியான ஏற்பாடு, ஆனா அது புள்ளிக்கு, அதாவது புருஷன் பொண்டாட்டி ஜோடிக்கு, ஒத்தப் பொம்பளைக்கு இல்ல. எட்னா ஒத்தையா வேற வைக்கிறா, பக்கத்துலயே ஒரு சின்ன வீட்ல, படம் வரைஞ்சு வித்த காசும் அதுல சேத்தி. நியூயார்க் போயிருந்த புருஷனுக்கு ஊர் என்ன சொல்லுமோங்கிற கவலதான், பெரிய வீட்ல மராமத்து நடக்குதுன்னு பேப்பர்ல போட்டுட்டான். சிரிச்சிட்டேன். ஆளில்லாத வீட்டு முகப்புக்கு நாம வெள்ளையடிக்கிறோமே, அதேதான்.

எங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதான் தொழில் பாக்க, போனா மூணு வருஷக் கணக்கு, அப்பத்தா தனியா அந்த வளவ ஆண்டாக, நெல்லு, வட்டி, செய்முற எல்லாம். உங்களுக்குன்னு என்ன வேணும்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல.

புக்குல கொறையும் இருக்கு. எட்னா புள்ளைகளத் தூக்கிச் சுமக்குற பொம்பளைக்கு கத முழுக்கப் பேரே கெடையாது, நம்ம அடுப்படியில வேல பாத்தவுக பேரு எந்தக் கல்யாணப் பத்திரிகையில இருக்கு, அந்த மாதிரி. கடைசியில அவ கடலுக்குள்ள நீந்திப் போயிர்றா, எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இதையெல்லாம் சண்ட போட்டுப் பேசாம வட்டம் எதுக்குண்ணே?

புக்க திரும்பப் போடுங்க, மீட்டிங்க சாயங்காலம் 4 மணிக்கு மாத்துங்க. இங்கிலீஷ் வராதவுகளுக்கு நான் கதையத் தமிழ்ல சொல்றேன். காப்பி, பலகாரம் மட்டும் அன்னைக்கு நீங்க பாத்துக்கங்க.