எடின்பரோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டும் படமுமாக நீயே ஒரு புத்தகம் செய்யப்போகிறாய் என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். இங்கே நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது. மிளகு ரசம் இருக்கிறவரை எனக்குக் குளிர் பெரிதில்லை என்று அம்மாவிடம் சொல்.

நீ கேட்ட ‘தி லாஸ்ட் வேர்ட்ஸ்’ (தொலைந்த சொற்கள்) புத்தகம் 2017-இல் வந்தது. பாட்டு ராபர்ட் மக்ஃபார்லேன், படம் ஜாக்கி மோரிஸ். ஆக்ஸ்ஃபோர்டின் சிறுவர் அகராதியில் மீன்கொத்தி, நீர்நாய் மாதிரிச் சொற்களை எடுத்துவிட்டு பிராட்பேண்ட், பிளாக் (வலைப்பூ) என்று சேர்த்தார்கள். 2015-இல் 28 எழுத்தாளர்கள் சேர்ந்து கண்டித்து எழுதினார்கள். அப்படித் தொலைந்த சொற்களுக்காகச் செய்த புத்தகம் இது. 2019-இல் படங்களுக்குக் கேட் கிரீனவே பதக்கம் கிடைத்தது; சிறுவர் புத்தக ஓவியத்துக்கு பிரிட்டனில் கொடுப்பது. ஸ்காட்லாந்தில் பள்ளி பஸ் ஓட்டும் ஒரு பெண், பணம் திரட்டி இங்குள்ள தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பதக்கத்தைவிட அது பெரிசு.

அமைப்பை நன்றாகக் கவனி. மொத்தம் 20 சொல். ஒவ்வொன்றுக்கும் மூன்று இரட்டைப் பக்கம். முதலில் அந்தப் பறவையோ விலங்கோ செடியோ இல்லாத இடம் மட்டும். எழுத்துகள் சிதறிக் கிடக்கும், பிள்ளை தேடிப் பொறுக்க வேண்டும். அடுத்ததில் தங்கப் பின்னணியில் உருவம், எதிரே பாட்டு. வரிகளின் முதலெழுத்தை மேலிருந்து கீழே சேர்த்தால் பெயர் வரும். மூன்றாவதில் அது தன் ஆற்றிலோ காட்டிலோ உயிரோடு நிற்கும். காகிதத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று முதல் பக்கத்தை விட்டுவிடாதே; அது போனால் மற்ற இரண்டும் வெறும் படப்புத்தகம்.

நீ தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகையில் மக்கு (சுண்ணப் பசை) வைத்துத் தங்க ரேக்கு ஒட்டிப் பழகியவள். காகிதத்தில் பசை கூடினால் தாள் நெளியும், மெல்லிசாகத் தடவு. கலர் ஜெராக்ஸில் தங்கம் கறுத்து விழும். சாய்வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அச்சுக்குக் கொடு. பறவையின் முகம் நடு மடிப்பில் விழக்கூடாது.

மீன்கொத்திப் பக்கத்தைத் திறந்தால் வெண்ணாற்றுப் படித்துறைதான் அக்கா. ஆவணியில் வரலாம் என்றிருந்தேன். பார்க்கலாம்.

மேலத்தெரு மனை விஷயத்தில் பெரியப்பா அவசரப்படுத்துகிறார் என்று கையெழுத்துப் போடாதே. அத்தானை அனுப்பி வில்லங்கச் சான்று எடுக்கச் சொல். இந்த மாசப் பணம் பத்து தேதிக்கு மேல் வரும், வேறொன்றுமில்லை. அதற்காக அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளாதே. சீட்டுப் பணத்திலிருந்து எடு.

உன் தங்கை
வள்ளி