தூக்கிவாரிப் போடுவது வலிப்பாகவும் இருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு வரும் காரணம் புரியாத நரம்புக் கோளாறுகள் பற்றிய கட்டுரையில் ஸ்கேனும் மரபணுப் பரிசோதனையும் விரிவாக இருந்தன. ஒரு வயதுக்குள் வரும் 'இன்ஃபண்டைல் ஸ்பாசம்' என்ற வலிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாள் கடத்தினால் குழந்தையின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும் நோய் அது.

பெரும்பாலும் தூங்கி எழுந்ததும் வரும். தலை கவிழும், கைகள் விரியும், உடம்பு மடங்கும், ஓரிரு நொடிதான். சில நொடி விட்டு மறுபடி வரும். இப்படி வரிசையாகப் பல முறை வந்து ஓயும். வலிப்பென்றால் கைகால் வெட்டி நுரை தள்ளும் என்று நினைப்பதால், வீட்டில் வயிற்றுவலி என்று ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள், உரம் எடுக்கத் தூக்கிப் போகிறார்கள். சத்தம் கேட்டு ஒருமுறை திடுக்கிடுவது வேறு. அது நாலைந்து மாதத்தில் மறைந்துவிடும். இதற்குச் சத்தம் தேவையில்லை. சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதும் முகம் பார்ப்பதும் குறைந்தால் சந்தேகம் வலுக்கிறது.

டாக்டர் பார்க்கும் ஐந்து நிமிடத்தில் அது வராது. எனவே போர்வையை விலக்கி, குழந்தையைப் படுக்கவைத்து, முகமும் கைகால்களும் தெரிய முழு வரிசையையும் போனில் எடுங்கள். 1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் மகனுக்கு வந்த இந்த அசைவுகளை லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். அவர் வர்ணித்ததை இன்று வீடியோவே காட்டிவிடும்.

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை இ.இ.ஜி. விழித்திருக்கும்போது மட்டும் எடுத்தால் அது சரியாக இருப்பதுபோல் தோன்றலாம். தூக்கமும் விழிப்பும் பதிவாக வேண்டும். முந்தைய தூக்கத்தைக் குறைத்து, தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளிப்பாட்டி, சோதனை எடுக்கும் இடத்தில் பால் கொடுத்துத் தூங்கவையுங்கள். பிறந்தபோது அழுததா, சர்க்கரை குறைந்ததா என்று சொல்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும். தோலில் வெள்ளைத் திட்டுகள் உண்டா என்று உடல் முழுக்கப் பார்க்க வேண்டும். அவை டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயின் அடையாளமாக இருக்கலாம். அந்த நோய் என்றால் முதல் மருந்து விகாபாட்ரின். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசி அல்லது அதிக அளவு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. வழக்கமான வலிப்பு சிரப்புகளுக்கு இது அவ்வளவாக அடங்காது.

எம்.ஆர்.ஐ. அவசியம்தான். ஆனால் மரபணு முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. அசைவு நின்றாலும் இரண்டு வாரத்தில் இ.இ.ஜி.யை மறுபடி எடுத்து, அலைகளும் சீராகிவிட்டனவா என்று பார்த்தே மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
குழந்தை நரம்பியல் மருத்துவர்,
திருச்சி