தாடைக்குக் காலெலும்பு

மதுரை

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய சி.டி. படங்களையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் பார்த்தேன். மேலூர்ப் பையனுக்கு இருப்பது அமிலோபிளாஸ்டோமாதான், தாடை எலும்புக்குள் வளர்கிற கட்டி, பல அறை உள்ள வகை. படத்தில் தெரிகிற விளிம்புக்கு வெளியே 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் கீழ்த்தாடையின் இடது பக்கம் 8 சென்டிமீட்டர் இடைவெளி விழும். தாடை மூட்டு தப்பிவிடும். சுரண்டி எடுத்தால் போதாதா என்று வீட்டில் யாராவது கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்து. சுரண்டினால் திரும்ப வரும்.

அந்த இடைவெளியை நிரப்ப, இடுப்பெலும்பை வெட்டி வைத்தால் முடிகிற வேலைக்குக் காலெலும்பை ஏன் தொட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி, உன் கேள்வியும் அதுதான். ரத்தக்குழாய் இல்லாமல் வெட்டி வைக்கிற எலும்பில் பெரும்பாலான செல்கள் செத்துப்போகும். சுற்றியுள்ள தசையிலிருந்து புதுக் குழாய்கள் உள்ளே வளர்ந்து, பழைய எலும்பு பைய அரிபட்டு, அந்த இடத்தில் புது எலும்பு படிய வேண்டும். இடைவெளி 5, 6 சென்டிமீட்டருக்குள் இருந்து, கதிர்வீச்சு படாத நல்ல சதை சுற்றிலும் இருந்து, வாய்க்குள் திறப்பும் இல்லை என்றால் இது நன்றாகவே நடக்கும். இவனுக்குப் பல்லோடு சேர்த்து எடுப்பதால் வாய் திறந்துகொள்ளும். எச்சில் பட்ட எலும்பு சீழ் பிடித்தால் மொத்தமும் போச்சு. முதலில் உலோகப் பிளேட் மட்டும் வைத்து வாய்ப்பக்கத்தைத் தைத்து மூடி, சில மாதம் கழித்துக் கழுத்து வழியாகப் போய் எலும்பு வைக்கலாம் என்பாய். கணக்குப் போட்டுப் பார். 1 சென்டிமீட்டர் இடைவெளிக்குச் சுமார் 10 மில்லி பஞ்செலும்பு, அதாவது எலும்புக்குள் பஞ்சு மாதிரி இருக்கிற பகுதி, வேண்டும். இவனுக்கு 80. இடுப்பின் முன்பக்கம் ஏறக்குறைய 50 மில்லிதான் தேறும். பின்பக்கம் எடுப்பதென்றால் குப்புறப் போட்டு எடுத்து, மறுபடி திருப்பிப் போட வேண்டும்.

அதனால்தான் ஃபிபுலா, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கிற மெல்லிய எலும்பு. 1989-இல் ஹிடால்கோ என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் தாடைக்கு இதைப் பயன்படுத்திக் காட்டிய பிறகு உலகம் முழுக்க இதுவே முதல் தேர்வாகிவிட்டது. வேர்மண்ணோடு நாற்றை எடுத்து நடுகிற மாதிரி, எலும்பு தன் தமனி சிரையோடு வருகிறது. கழுத்தில் இணைத்ததுமே ரத்தம் ஓடும். மேலூர்க்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்.

காலில் 22 முதல் 25 சென்டிமீட்டர் வரை எலும்பு கிடைக்கும். மேலேயும் கீழேயும் 6 முதல் 8 சென்டிமீட்டர் விட்டுவிட வேண்டும். கீழே குறைத்தால் கணுக்கால் ஆடும். மேலே முழங்காலை ஒட்டிச் சுற்றி வருகிற பெரோனியல் நரம்பு அடிபட்டால் பாதம் தொங்கிவிடும். இரண்டு காலுக்கும் சி.டி. ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்ப் படம், எடுக்காமல் கத்தி வைக்கக் கூடாது. சிலருக்குப் பாதத்துக்கான ரத்தமே பெரும்பாலும் ஃபிபுலாவோடு எடுக்கிற பெரோனியல் தமனி வழியாகத்தான் போகும். தெரியாமல் அதை எடுத்தால் பாதம் பிழைக்காது.

இனி நீ கவனித்துப் படிக்க வேண்டிய இடம். தாடையை அறுப்பதற்கு முன்பே மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டிக் கடியை நிலைநிறுத்து. பிளேட்டைத் தாடை மேலேயே வளைத்து, இரு முனையிலும் குறைந்தது மூன்று ஸ்குருவுக்குத் துளை போட்டு, கழற்றி வைத்த பிறகுதான் அறுக்க வேண்டும். ஆனால் இவனுக்குக் கட்டி வெளிச்சுவரை உப்ப வைத்திருக்கிறது. அதன் மேல் வளைத்தால் பிளேட்டும் உப்பலோடுதான் நிற்கும். சி.டி.யை வைத்து, நல்ல பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, முப்பரிமாண மாடல் அச்சடித்து அதில் வளைக்கச் சொல். மூட்டோடு இருக்கும் பின்துண்டைப் பழைய இடத்திலேயே பிடித்து நிறுத்தாவிட்டால் மூட்டு குழியை விட்டு நகரும், கடி கோணும்.

தாடைக்கோணத்துக்காக ஃபிபுலாவை ஒரு இடத்தில் ஆப்பு வெட்டி மடக்கினால் போதும். எந்தத் துண்டும் 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே போனால் எலும்புறை வழியாக வரும் ரத்தம் போதாது. இன்னொரு தொல்லை உயரம். ஃபிபுலா 12 முதல் 15 மில்லிமீட்டர், பல்லுள்ள தாடையோ அதைப்போல் இரண்டு மடங்கு. கீழ்விளிம்போடு ஒட்டி வைத்தால் முகம் அழகாக இருக்கும், பின்னால் இம்பிளாண்ட், அதாவது எலும்பில் திருகுகிற செயற்கைப் பல்வேர், வைக்கும்போது பல் நெட்டையாக நிற்கும். சின்ன வயசுப் பையன், 8 சென்டிமீட்டர்தான் தேவை. என் யோசனை, ஃபிபுலாவை இரண்டாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது.

ஃபிபுலாவின் தமனியை முகத்தமனியோடு 8-0 அல்லது 9-0 என்கிற மிக மெல்லிய நைலானில் தைப்பார்கள். தையல் சரியாக இருந்தும் குழாய் மடிந்து போவது உண்டு, வாயை மூடிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தோலை மூட வேண்டும்.

முதல் மூன்று நாள்தான் கண்டம். முதல் 24 மணி நேரம் மணிக்கொரு தரம், எலும்போடு காலிலிருந்து சேர்த்து எடுத்து வாய்க்குள் வைத்த தோலைப் பார்க்க வேண்டும். அழுத்தி விட்டால் இரண்டு நொடியில் நிறம் திரும்பணும். ஊசியால் குத்தினால் சிவப்பாக மெல்ல வரணும். கறுத்த ரத்தம் குபுகுபுவென்று வந்தால் சிரை அடைப்பு, பெரும்பாலும் இதுதான் வரும். வெளுத்துப்போய் ரத்தமே வராவிட்டால் தமனி அடைப்பு. எதுவானாலும் "காலையில் பார்க்கலாம்" என்று வைக்காமல் உடனே தியேட்டர். தொண்டைத் துளைக் குழாயைக் கட்டுகிற நாடா கழுத்தை இறுக்கினாலே சிரை அடைபடும். அதை யாரும் யோசிப்பதில்லை.

கால் தோலை இழுத்துப் பிடித்துத் தைக்கக் கூடாது, உள்ளே அழுத்தம் ஏறித் தசை செத்துவிடும். இடைவெளி இருந்தால் தொடைத்தோல் ஒட்டட்டும். பெருவிரலை மடக்கும் பலம் கொஞ்சம் குறையும், அதை முன்கூட்டியே சொல்லிவிடு.

சாப்பாடு முதல் வாரம், பத்து நாள் மூக்குக் குழாயில்தான். பிறகு வடிகட்டிய கேப்பைக்கூழ், பருத்திப்பால், பருப்புத் தண்ணீர். யாராவது பாசத்தில் இட்லியைப் பிட்டு ஊட்டிவிடாமல் அவன் அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல். உதட்டுக்குள் புகையிலை அடக்குகிற பழக்கம் உண்டா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேள். அப்பா எதிரில் கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வான். நிகோடின் குழாயைச் சுருக்கும், இப்போதே நிறுத்த வேண்டும்.

இடது கீழுதடும் நாடியும் மரத்துப்போகும், நரம்பு கட்டியோடு போய்விடுவதால். இதைச் சம்மதப் படிவத்தில் தமிழிலேயே எழுதச் சொல். பத்து வருஷம் தாண்டியும் திரும்ப வரக்கூடிய கட்டி என்பதால், வருஷத்துக்கு ஒரு எக்ஸ்ரே என்பதையும் அதிலேயே சேர்த்துவிடட்டும். கால் ஆஞ்சியோ எடுத்ததும் படத்தை எனக்கு அனுப்பு. அதைப் பார்த்த பிறகு தேதி குறிக்கலாம்.

அன்புடன்,
அம்மா