வரிசையில் வற்றும் குழந்தைகள்: மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகளுக்கு, காத்திருக்கும் இடத்திலேயே ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்க ஒரு மேசை வேண்டும். கொடுக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். டாக்டர் பார்த்த பிறகு அல்ல, அதற்கு முன்பே.

குழந்தைகளுக்கு இந்த வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸ் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வாந்தி, காய்ச்சல், பிறகு தண்ணீர் தண்ணீராகப் போவது என்று ஒரு வாரம்வரைகூடக் குழந்தையைப் படுத்தி எடுக்கும். அந்தக் கிருமியைக் கொல்ல மருந்து இல்லை. போன நீரையும் உப்பையும் உடம்புக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். இது தெரிந்தவர்கள் நிறைந்த கட்டடத்துக்குள்ளேயே ஒரு குழந்தை வற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அண்மையில் என் பேரனைத் தூக்கிக்கொண்டு நானும் மகளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். சீட்டுக்கு ஒரு வரிசை, எடை பார்க்க ஒரு வரிசை, டாக்டர் அறைக்கு ஒரு வரிசை. வீட்டிலிருந்து கொண்டுபோன கரைசல் தீர்ந்துவிட்டது. இன்னொரு பொட்டலம் கேட்டால், டாக்டர் எழுதினால்தான் தருவோம் என்றார்கள். பிள்ளை அழுதான், கண்ணீர் வரவில்லை. கட்டியிருந்த துணி நெடுநேரமாக நனையவே இல்லை. கடைசியில் உள்ளே போனதும் கேட்ட முதல் கேள்வி: "இவ்வளவு வற்றும்வரை என்னம்மா செய்துகொண்டிருந்தீர்கள்?"

உங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், ஐயா.

பிறகு டிரிப்ஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் கை, கால், மறுபடி கை என்று குத்தினார்கள். நீர் வற்றிய குழந்தைக்கு நரம்பு கிடைப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். மிகவும் தளர்ந்துவிட்ட பிள்ளைக்கு டிரிப்ஸ் உயிர் காக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கரண்டியால் முடிந்திருக்க வேண்டியதை ஊசிவரை கொண்டுபோனது அந்தக் காத்திருப்பு.

அதோடு விடவில்லை. கை கழுவினாயா, பாத்திரத்தைக் கொதிக்க வைத்தாயா என்று மகளை வரிசையாகக் கேட்டார்கள். கை கழுவுவது அவசியம்தான். ஆனால் ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும் கிருமி இது. நல்ல குடிநீரும் கழிப்பறையும் உள்ள பணக்கார நாடுகளிலும் அப்படித்தான். துளியிலும் துளியாக உள்ளே போனாலே போதும். பொம்மையிலும் கதவுப்பிடியிலும் நாள்கணக்கில் தங்கும். சுத்தத்தால் மட்டும் தடுக்க முடியாது என்பதால்தான் 2009-லேயே உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளின் தடுப்பூசித் திட்டத்திலும் ரோட்டா தடுப்பு மருந்தைச் சேர்க்கச் சொன்னது. பிறகு எதற்கு ஒவ்வொரு தாயையும் குற்றவாளிபோல் நிறுத்துகிறீர்கள்?

"ரோட்டா சொட்டு மருந்து போட்டும் வந்துவிட்டதே" என்று மகள் கேட்டதற்கு அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மருந்து எல்லாத் தொற்றையும் தடுக்காது, நோய் கடுமையாவதைப் பெரும்பாலும் தடுக்கும் என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடம் இல்லாததால்தான், "போட்டும் பயனில்லை" என்று அடுத்த பிள்ளைக்குப் போடாமல் விடுகிறார்கள். ஆறாவது வாரத்தில் தொடங்க வேண்டிய மருந்து அது. தள்ளிப்போட்டால் அந்தந்த நாட்டு அட்டவணையின் வயது வரம்பு கடந்துவிடும்.

வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவதை எப்போது நிறுத்தப் போகிறீர்கள்? பக்கத்தில் இருந்த தாயின் சீட்டிலும் அது இருந்தது. சிங்க் (துத்தநாக) மருந்து எழுதியிருந்தார்கள்; போக்கு இடையில் நின்றுவிட்டாலும் மொத்தம் 10 முதல் 14 நாள் தர வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கோபத்தில் பேச்சு எங்கெங்கோ போகிறது, மன்னிக்கவும். நான் கேட்பது அந்த மேசையைத்தான். அளவு குறித்த பாத்திரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீர், அதில் ஒரு லிட்டருக்கான முழுப் பொட்டலம், கொஞ்சம் கரண்டிகள். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு கரண்டி, வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் நிறுத்தி இன்னும் மெதுவாக என்று தாய்க்குச் செய்து காட்ட ஒரு செவிலியர். கண் குழிந்த பிள்ளை, துவண்டு கிடக்கும் பிள்ளை, கிள்ளிய தோல் மெல்லத் திரும்பும் பிள்ளை என்றால் வரிசையை நிறுத்திவிட்டு உடனே உள்ளே அனுப்பும் அதிகாரம் அவருக்கு வேண்டும்.

இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. தயவுசெய்து அந்த மேசையைப் போடுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையாவது காத்திருப்போர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

மரியாதையுடன்,
ஒரு பாட்டி