கயலுக்கு

அன்புள்ள கயல்,

வியாழக்கிழமை ராத்திரி நீ பேசியதிலிருந்து அதே நினைப்புதான். நீ பைலட்டாக இருக்கும் சின்ன விமானக் கம்பெனியிடம் பெரிய கம்பெனி கொடுத்திருந்த ரூட்டுகளை வேறொரு கம்பெனிக்கு மாற்றுகிறது, நீ வேலைக்குக் கிளம்பும் பேஸை மூடலாம் என்றாய். "நான் என்னப்பா தப்பு பண்ணினேன்?" என்று கேட்டாய். அப்போது எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ ஒரு தப்பும் பண்ணவில்லை. சின்சினாட்டியில் இருந்துகொண்டு இதை நான் கண்ணால் பார்த்தவன். 2012 செப்டம்பர் 29, காம்ஏர் என்ற சின்ன விமானக் கம்பெனி கடைசியாகப் பறந்த நாள். நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். 1977-இல் இங்கே தொடங்கிய கம்பெனி, பின்னால் பெரிய கம்பெனியான டெல்டாவுக்கே சொந்தமானது. அப்படியும் மூடினார்கள். ஐம்பது சீட் விமானத்துக்கும் இரண்டு பைலட், எழுபத்தாறு சீட் விமானத்துக்கும் அதே இரண்டு பைலட். சின்ன விமானம் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். அடுத்த தெருவில் இருந்த காம்ஏர் கேப்டன் நாற்பது வயதுக்கு மேல் வேறு கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை பைலட்டாக, சீனியாரிட்டி பட்டியலின் அடியில் போய்ச் சேர்ந்தார். 2020-இலும் அதேதான். யுனைடெட் என்ற பெரிய கம்பெனிக்காக ஒரே வகை விமானத்தை இரண்டு கம்பெனிகள் ஓட்டின. ஒன்று போதும் என்று முடிவானது, இரண்டில் ஒன்றான எக்ஸ்பிரஸ்ஜெட் செப்டம்பரோடு நின்றது. அங்கிருந்தவர்களுக்கு ஓட்டத் தெரியாமலா?

வாலில் பெரிய கம்பெனியின் பெயர், கதவோரம் பொடி எழுத்தில் உன் கம்பெனி. டிக்கெட் விற்பதும் நேரம் குறிப்பதும் அவர்கள். நீங்கள் ஓட்டிக் கொடுத்துக் கூலி வாங்குகிறீர்கள். உன் கொள்ளுத்தாத்தா லால்குடிப் பக்கம் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் வைத்தவர். அடுத்த போகத்துக்கு நிலத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டார்கள். அதனால் அவருக்கு உழத் தெரியாமல் போய்விடவில்லை.

சரி, இப்போது என் உண்மையான பயத்தைச் சொல்கிறேன். அது வேலை போவதைப் பற்றியது இல்லை. நியூயார்க் பக்கத்தில் இருக்கும் நெவார்க்குக்கு மாற்றினால் இங்கிருந்தே கம்யூட் பண்ணிக்கொள்கிறேன், விமானம் ஏறி வேலைக்குப் போய் வருகிறேன், வாடகை மிச்சம் என்றாய். வேண்டாம்மா.

2009 பிப்ரவரி 12, பஃபலோவுக்கு அருகே விழுந்த கோல்கன் ஏர் விமானம் உனக்குத் தெரியும். அதுவும் கான்டினென்டல் என்ற பெரிய கம்பெனியின் பெயரில் ஒப்பந்தத்துக்குப் பறந்ததுதான். ஐம்பது உயிர். அந்த ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு 24 வயது. சியாட்டில் பக்கம் பெற்றோரோடு இருந்தவள். முந்தின ராத்திரி சரக்கு விமானத்தில் ஏறி, மெம்ஃபிஸ் வழியாக நெவார்க் வந்து, அன்றைக்கே வேலைக்கும் ஏறினாள். கேப்டனும் அறை எடுக்காமல் நெவார்க் விமான நிலையத்தில் க்ரூ ரூமில் படுத்திருந்தார். எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்த தவறைத்தான் விசாரணை முதல் காரணமாகச் சொன்னது. ஆனால் இரண்டு பேருடைய களைப்பும் வேலையைப் பாதித்திருக்கும் என்றும் எழுதினார்கள். உன்னை 1,500 மணி நேரம் பறந்து சேர்க்க வைத்த விதி அந்த விபத்துக்குப் பிறகு வந்தது. பத்து மணி நேர ஓய்வு விதியும் அப்படித்தான். ஆனால் கம்யூட் பண்ணுவதை அந்த விதி வேலை நேரமாக எடுத்துக்கொள்வதில்லை. அதை நீதான் எண்ண வேண்டும்.

நீ இந்த வேலைக்குப் போன நாளிலிருந்து சியாட்டிலில் இருந்த அந்த அப்பா அம்மாவை நினைக்காமல் ஒரு குளிர்காலம் போனதில்லை.

அதனால் எங்கே மாற்றினாலும் அங்கே ஒரு அறை எடு. பைலட்டுகள் சேர்ந்து தங்கும் க்ராஷ் பேடில் ஒரு கட்டிலாவது எடு. வாடகை என் பொறுப்பு. இதில் ரோஷம் வேண்டாம். அப்புறம், வேலை ஆடிக்கொண்டிருக்கும் சமயத்தில் "களைப்பாக இருக்கிறது, இன்று பறக்க முடியாது" என்று சொல்ல வாய் வராது. தெரியும். ஆனாலும் சொல். பேர் கெட்டுப்போகுமோ என்று பயப்படாதே. மனக்கவலையில் தூக்கம் கெட்டாலும் அது களைப்புதான்.

இன்னொன்று. லாக் புக், ட்ரெய்னிங் ரிக்கார்டு எல்லாவற்றுக்கும் இந்த வாரமே நகல் எடுத்து வை. கம்பெனி மூடுகிற நேரத்தில் யாரிடம் போய்க் கேட்பாய்? பதற்றத்தில் வேறு கம்பெனியின் பாண்டில் கையெழுத்துப் போடாதே, முதலில் எனக்கு அனுப்பு.

அம்மாவிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியை நீ வரும்போது சேர்ந்து சொல்லலாம். அறை பார்த்ததும் வாடகை எவ்வளவு என்று மெசேஜ் போடு.

அப்பா